மன்னார்க் கடலின் எதிரொலி: நிலஅதிர்வுப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் எனது சகோதரியின் மகன் கடைக்கு வந்தார். புத்தளத்தில் சிறியதொரு ஹார்ட்வெயார் கடை நடத்துபவர். நல்ல உழைப்பாளி. கையில் சுருட்டிய தாளொன்று இருந்தது. அதை எனது மேசையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு ஆணிப் பெட்டிகளை வைத்தார். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறங்கள் வளையம் வளையமாகப் பரவிக் கிடந்த ஒரு வரைபடம்.

"மாமா, இந்தச் சிவப்பு இருக்கிற இடமெல்லாம் எண்ணெய் எண்டு தரகர் சொல்றார். சிலாவத்துறைப் பக்கம் ரெண்டு ஏக்கர் காணி பேசியிருக்கிறன். அஞ்சு இலட்சம் முற்பணமும் குடுத்திட்டன். மிச்சக் காசுக்கு லொறிய விக்கலாம் எண்டு யோசிக்கிறன்" என்றார்.

லொறிதான் அவருடைய கடையின் கால். அதை விற்றால் சீமெந்தும் கம்பியும் வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போகாது. எனக்குத் திக்கென்றது. ஆனாலும் படத்தைப் பார்த்தவுடன் பழைய நினைவொன்றும் வந்தது. 1980களின் நடுப்பகுதியில் மூன்று வருடங்கள் சவூதி அரேபியாவின் பாலைவனத்தில், எண்ணெய் தேடும் குழுவொன்றின் முகாமில் களஞ்சியப் பொறுப்பாளராக நான் வேலை செய்திருக்கிறேன். நான் பொறியியலாளன் அல்லன். என்றாலும் அந்தக் குழுவின் கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியவன் என்ற வகையில், இப்படியான படங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"பத்து நாளைக்கு லொறியை யாருக்கும் பேசாதீங்க மகன்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பத்து நாட்களுக்குள் அவருக்கு நான் விளக்கிய விடயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். மன்னார் எண்ணெய் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இதே கேள்வியுடன் வேறு பல வியாபாரச் சகோதரர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

பலாப்பழத்தைத் தட்டுவது போல

சந்தையில் பலாப்பழம் வாங்குபவர் என்ன செய்கிறார்? விரலால் தட்டிப் பார்க்கிறார். காய் என்றால் ஒரு சத்தம், பழம் என்றால் வேறொரு சத்தம். பழத்தை வெட்டாமலேயே உள்ளே இருப்பதைச் சத்தத்தால் ஊகிக்கிறார். எண்ணெய்க் கம்பனிகள் பூமிக்குச் செய்வதும் ஏறத்தாழ இதுதான். ஆங்கிலத்தில் சைஸ்மிக் சேர்வே என்பார்கள். நாம் நிலஅதிர்வு ஆய்வு என்போம்.

தரையின் மேலோ கடலின் மேலோ செயற்கையாக ஓர் அதிர்வை உண்டாக்குவார்கள். அந்த அதிர்வு அலையாகக் கீழே இறங்கும். பூமிக்கடியில் மணற்கல், களிக்கல், சுண்ணாம்புக்கல் எனப் பாறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஓர் அடுக்கு முடிந்து தன்மை வேறான இன்னோர் அடுக்கு தொடங்கும் இடத்தில் அலையின் ஒரு பகுதி எதிரொலியாக மேலே திரும்பும். மீதி இன்னும் கீழே போய் அடுத்த எல்லையில் மோதும். இவ்வாறு திரும்பிவரும் ஒவ்வோர் எதிரொலியும் எத்தனை வினாடியில் வந்தது, எவ்வளவு பலமாக வந்தது என்பதைப் பதிவு செய்வதே ஆய்வின் அடிப்படை.

இந்த முறைக்கு நூறு வயதாகிவிட்டது. ஜேர்மனியரான லுட்கர் மின்ட்ரொப் 1919இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஜோன் கிளாரன்ஸ் கார்ச்சர் என்ற விஞ்ஞானி 1921இல் எதிரொலி முறையைச் செய்து பார்த்தார். கார்ச்சரும் அவருடைய பங்காளியும் 1930இல் தொடங்கிய ஆய்வுக் கம்பனி 1951இல் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தப் புதிய பெயர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். கல்குலேற்றர்களுக்குப் பெயர்போன அதே கம்பனிதான். எண்ணெய் தேடக் கருவி செய்து பழகிய கைகள் பிறகு கணக்குப் போடும் கருவியையும் செய்தன என்பது நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய வியாபாரப் பாடம்.

பாலைவனத்திலும் கடலிலும்

நான் இருந்த முகாமில் அதிர்வை உண்டாக்கப் பெரிய வாகனங்கள் இருந்தன. ஒரே வரிசையில் நான்கு வாகனங்கள் போகும். குறித்த இடத்தில் நின்று, வயிற்றுப் பகுதியில் உள்ள தடித்த இரும்புத் தட்டை மணலில் அழுத்தி, சில வினாடிகள் ஒன்றாக அதிரும். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு சில மீற்றர் முன்னால் போகும். மீண்டும் அதிரும். விடியலிலிருந்து மாலை வரை இதே வேலைதான். வாகனம் போக முடியாத இடங்களில் துளையிட்டு வெடிமருந்து வைப்பதும் உண்டு.

எதிரொலியைக் கேட்பதற்கு ஜியோபோன் என்ற சிறு கருவிகள். கைக்கு அடக்கமானவை. கீழே கூரான ஆணி இருக்கும். அதை மணலில் குத்தி நிறுத்துவார்கள். ஆயிரக்கணக்கில் தேவைப்படும். கிலோமீற்றர் கணக்கில் வயர். மாலையில் திரும்பி வரும்போது எத்தனை குறைந்தது, எத்தனை பழுது என்று எண்ணி எழுதுவது என் வேலை. ஒரு நாள் எண்ணிக்கை பிழைத்தால் மறுநாள் வேலை தாமதிக்கும். அந்தக் குழுவுக்கு ஒரு நாள் தாமதம் என்பது நம் கடையின் ஒரு மாத வியாபாரத்தைவிடப் பெரிய நட்டம்.

கடலில் முறை வேறு. கப்பலின் பின்னால் இழுத்துச் செல்லும் காற்றுத் துப்பாக்கிகள் அமுக்கப்பட்ட காற்றை ஒரே அடியாக நீருக்குள் விடும். அதுவே அதிர்வு. கப்பலின் பின்னால் ஆறு, எட்டுக் கிலோமீற்றர் நீளமான கேபிள்கள் பலவற்றை நீருக்கடியில் இழுத்துச் செல்வார்கள். அவற்றில் வரிசையாகப் பொருத்திய ஒலிவாங்கிகள் எதிரொலியைப் பிடிக்கும். சில வினாடிக்கொரு தடவை ஒரு வெடிப்பு. இரவு பகல் பாராமல் கப்பல் வயல் உழுவது போல மேலும் கீழுமாகப் போய்வரும்.

வினாடியை மீற்றராக்கும் கணக்கு

வியாபாரிகளுக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் ஒரு சிறு கணக்கு. மன்னார்க் கடலில் 2011இல் வாயு கண்டுபிடிக்கப்பட்ட டொராடோ என்ற கிணறு உள்ள இடத்தில் கடலின் ஆழம் 1,354 மீற்றர். கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீற்றர் வேகத்தில் செல்லும். கடலடிக்குப் போய்த் திரும்பும் தூரம் 2,708 மீற்றர். ஆகவே கடலடியின் எதிரொலி வர 1.8 வினாடி எடுக்கும்.

அந்தக் கிணற்றில் வாயு இருந்த மணற்கல் சுமார் 3,044 மீற்றர் ஆழத்தில் தொடங்குகிறது. அதாவது கடலடிக்குக் கீழே இன்னும் 1,690 மீற்றர் பாறை. பாறையில் அலையின் வேகம் சராசரியாக வினாடிக்கு 2,500 மீற்றர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். போய்வர 1.35 வினாடி. மொத்தம் மூன்று வினாடிக்குச் சற்று அதிகம். மூன்று கிலோமீற்றர் ஆழத்துச் செய்தி மூன்று வினாடியில் மேலே வந்துவிடுகிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கருவிக்குத் தெரிவது வினாடி மாத்திரமே. மீற்றர் தெரியாது. பாறையின் வேகம் 2,500 அல்ல, 2,700 என்றால் அதே 1.35 வினாடிக்கு ஆழம் 130 மீற்றர் கூடிவிடும். இவ்வாறு ஓரிடத்தில் வேகம் கூடி மற்றோரிடத்தில் குறைந்தால், தட்டையான பாறைகூடப் படத்தில் மேடு போலத் தெரியும். கிணறு தோண்டி அளக்கும்வரை வேகம் என்பது ஒரு மதிப்பீடுதான்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஆழத்திலிருந்து வரும் அலைகள் நீளமானவை. வினாடிக்கு 30 அதிர்வும் 3,000 மீற்றர் வேகமும் உள்ள அலையின் நீளம் 100 மீற்றர். அதன் காற்பங்கு, அதாவது 25 மீற்றருக்கும் மெல்லிய அடுக்கின் மேலெல்லையும் கீழெல்லையும் பிரிந்து தெரிவது கடினம். டொராடோவில் வாயு இருந்த மணற்கல்லின் தடிப்பே சுமார் 25 மீற்றர்தான். கண்ணாடி போடாமல் துணிக்கடையில் நூல் எண்ணுவது எத்தனை கடினமோ அத்தனை கடினம் இது.

கோட்டிலிருந்து கனத்துக்கு

ஆரம்பத்தில் கப்பல் ஒரு நேர்கோட்டில் போய் அந்தக் கோட்டுக்குக் கீழுள்ள பூமியின் வெட்டுமுகத்தை மட்டும் படமாக்கும். இதை இருபரிமாண ஆய்வு என்பர். இரண்டு கோடுகளுக்கு இடையில் பல கிலோமீற்றர் இடைவெளி இருக்கும். இடையில் என்ன இருக்கிறது என்பதை நிபுணர்கள் ஊகிப்பார்கள். கேக்கை இரண்டு இடத்தில் மாத்திரம் வெட்டிப் பார்த்து முந்திரிகை எங்கெங்கே இருக்கும் என்று சொல்வது போல.

முப்பரிமாண ஆய்வில் கோடுகள் மிக நெருக்கமாக இருக்கும். கேக் முழுவதும் மெல்லிய துண்டுகளாகக் கிடைக்கும். எக்ஸன் கம்பனியின் முன்னோடி நிறுவனம் 1967இல் டெக்சாஸ் மாநிலத்தின் பிரெண்ட்ஸ்வூட் என்னுமிடத்தில் இதை முதன்முதலாகச் செய்து பார்த்தது. கணினியின் ஆற்றல் வளர வளர இந்த முறையே வழக்கமானது. பதிவான எதிரொலிகள் அப்படியே படமாகிவிடுவதில்லை. கப்பலின் இரைச்சல், அலைகளின் சத்தம் என்பவற்றை நீக்கி, ஒரே புள்ளியிலிருந்து பல தடவை வந்த எதிரொலிகளை ஒன்று சேர்த்து, சரிந்த பாறைகளின் எதிரொலியை அதன் உண்மையான இடத்துக்கு நகர்த்தி வைக்க வேண்டும். இதற்குப் பெரிய கணினிகளும் மாதக்கணக்கான உழைப்பும் தேவை.

இத்தனை செலவு ஏன்? ஆழ்கடலில் ஒரேயொரு கிணறு தோண்டப் பல மில்லியன் டொலர்கள், சில இடங்களில் நூறு மில்லியன் டொலருக்கும் மேல் செலவாகும். பிழையான இடத்தில் தோண்டுவதைத் தவிர்த்தாலே ஆய்வுச் செலவு திரும்பி வந்துவிடும். சரக்கு வாங்கும் முன் மாதிரி பார்ப்பதற்கு நாம் செலவிடுவதில்லையா? அது போலத்தான்.

இந்தத் தகவலே ஒரு சரக்கு என்பதையும் குறிப்பிட வேண்டும். சில கம்பனிகள் தமது செலவில் கடலை ஆய்வு செய்து, அந்தப் பதிவின் பிரதிகளை எண்ணெய்க் கம்பனிகள் பலவற்றுக்கு விற்கின்றன. ஒருமுறை நெய்த துணியைப் பலருக்கு விற்பது போன்ற வியாபாரம். ஆகவே ஆய்வுக் கப்பலொன்று வந்தது என்ற செய்தி, எண்ணெய் தோண்டப் போகிறார்கள் என்று பொருள்படாது. படம் விற்பதற்கு வந்திருக்கவும் கூடும்.

களஞ்சியம் தெரியும், சரக்குத் தெரியாது

இனி மருமகன் கொண்டுவந்த படத்துக்கு வருவோம். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் அளவுகோல் இருந்தது. தரகர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். நிறங்களுக்கு எதிரே மீற்றர் கணக்கில் ஆழம் எழுதப்பட்டிருந்தது. சிவப்பு என்றால் அந்தப் பாறை மேலே உயர்ந்திருக்கிறது. நீலம் என்றால் தாழ்ந்திருக்கிறது. அவ்வளவுதான். சிவப்பு எண்ணெயுமில்லை, வாயுவுமில்லை. மலைநாட்டு வரைபடத்தில் பீதுருதாலகாலையைக் கடும் நிறத்தில் காட்டுவது போன்றது.

உயரமான இடத்துக்கு மதிப்பு இல்லையா என்றால், உண்டு. எண்ணெயும் வாயுவும் நீரைவிட இலேசானவை. பாறையின் நுண்துளைகளுக்குள் உள்ள நீரில் மிதந்து மேல்நோக்கி ஏறும். கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவத்தில் இறுக்கமான பாறை மேலே மூடியிருந்தால் அங்கே சிக்கி நிற்கும். ஆகவே கம்பனிகள் தேடுவது இந்தக் கவிழ்த்த கிண்ணங்களையே.

ஆனால் கிண்ணம் மட்டும் போதாது. ஐந்து விடயங்கள் ஒன்று சேர வேண்டும். எண்ணெயை உண்டாக்கும் தாய்ப்பாறை ஆழத்தில் இருந்து போதிய சூடு பட்டிருக்க வேண்டும். எண்ணெய் தங்குவதற்குத் துளையுள்ள பாறை வேண்டும். மேலே கசியாத மூடி வேண்டும். கிண்ண வடிவம் வேண்டும். ஐந்தாவதாக, எண்ணெய் புறப்பட்டு வருவதற்கு முன்பே அந்தக் கிண்ணம் உருவாகியிருக்க வேண்டும். நிலஅதிர்வுப் படம் வடிவத்தை நன்றாகக் காட்டும். மற்றவற்றைப் பற்றிக் குறிப்புக் காட்டும். சரக்கு இருக்கிறதா என்பதை உறுதியாகச் சொல்லாது. வீதியில் நின்று பார்த்தால் களஞ்சியத்தின் சுவரும் கூரையும் தெரியும். உள்ளே மூடைகள் இருக்கின்றனவா என்பதைக் கதவைத் திறந்தால்தான் காணலாம். இங்கே கதவு என்பது கிணறு.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் அலாஸ்காவின் வடக்கே உள்ள மக்லக். நிலஅதிர்வுப் படத்தில் அங்கே மிகப் பெரிய கிண்ணம் தெரிந்தது. பக்கத்திலேயே புரூடோ பே என்ற மாபெரும் எண்ணெய் வயல். கம்பனிகள் குத்தகைக்கும் தோண்டலுக்குமாக ஒன்றரை பில்லியன் டொலர் அளவில் கொட்டின. கடலில் கற்களைக் கொட்டிச் செயற்கைத் தீவு அமைத்து 1983இல் தோண்டினார்கள். படம் சொன்ன வடிவம் சரியாகவே இருந்தது. எண்ணெய்க் கறை கூட இருந்தது. ஆனால் எண்ணெய் எப்போதோ வெளியேறிவிட்டது. கிடைத்தது உப்புநீர்.

வாயு விடயத்தில் இன்னொரு மயக்கம் உண்டு. பாறைத் துளைகளில் வாயு இருந்தால் எதிரொலி வழமையைவிடப் பலமாக வரும். படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். 1970களில் இந்தப் பளிச்சிடும் புள்ளிகளைத் தேடித் தோண்டிப் பலர் வெற்றி பெற்றார்கள். பலர் ஏமாந்தும் போனார்கள். ஏனெனில் துளைகளில் நூற்றுக்குச் சில வீதமே வாயு இருந்தாலும், நிறைய இருப்பதைப் போலவே படம் பளிச்சிடும். மூடி திறந்து நாளான சோடாவிலும் ஓரிரு குமிழி வரத்தான் செய்யும். அதைக் குடிக்க யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

எங்கள் முகாமில் எகிப்து நாட்டைச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர் இருந்தார். புதிதாக வந்த நாட்களில் அவருடைய கூடாரத்தில் தொங்கிய நீண்ட தாளைக் காட்டி, எண்ணெய் எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தாளில் இருப்பது கேள்விகள்தான், பதில் துளையில் வரும் என்றார். நாங்கள் ஒரு குளிர்காலம் முழுவதும் அளந்த இடமொன்றில் பின்னர் தோண்டிய கிணறு நீரோடு முடிந்ததாக ஊர் திரும்பும் முன் கேள்விப்பட்டேன். எத்தனை ஜியோபோன்களை எண்ணியிருப்பேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மன்னாரின் கணக்கேடு

நமது கடலின் வரவுசெலவையும் பார்ப்போம். 1970களின் நடுப்பகுதியில் மன்னார்த் தீவின் பேசாலையில் சோவியத் நிபுணர்களின் உதவியுடன் கிணறுகள் தோண்டப்பட்டன. அதன் பிறகு பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் தோண்டினார்கள். 1981 வரை மொத்தம் ஏழு கிணறுகள். எதிலும் விற்கத்தக்க அளவில் எதுவும் கிடைக்கவில்லை. அன்று இருந்தவை அக்காலத்து இருபரிமாணப் படங்கள்தான். இத்தனைக்கும் காவிரிப் படுகையின் இந்தியப் பக்கத்தில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் போன்ற இடங்களில் எண்ணெய் எடுத்தார்கள். ஒரே படுகையாக இருந்தாலும் ஒரு பக்கத்தின் அதிர்ஷ்டம் மறுபக்கத்துக்கு வந்தே தீரும் என்றில்லை.

2001இல் டீஜீஎஸ்-நொபெக் என்ற நோர்வே கம்பனி மன்னார்ப் படுகையில் 1,000 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளத்துக்கு இருபரிமாண ஆய்வு செய்தது. 2005இல் மேலும் 4,600 கிலோமீற்றர் அளவில் ஆய்வு நடந்தது. இவற்றைக் காட்டித்தான் 2007இல் கேள்விப்பத்திரம் கோரினார்கள். 2008இல் கெய்ன் கம்பனியுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. அக்கம்பனி 2009 இறுதியிலும் 2010 தொடக்கத்திலும் சுமார் 1,750 சதுர கிலோமீற்றர் பரப்பில் முப்பரிமாண ஆய்வு செய்தது.

அதன் பிறகே தோண்டல். ஜப்பானின் சிக்கியு என்ற கப்பல் 2011இல் வந்தது. முதற் கிணறு டொராடோவில் வாயு. அடுத்த பரகுடாவில் வாயுவும் அதனோடு இலேசான திரவ எண்ணெயும். மூன்றாவது கிணறு வெறுமை. 2013இல் தோண்டிய நான்காவதும் வெறுமை. நான்கில் இரண்டு. முன்பு ஏழில் ஒன்றும் இல்லை. முப்பரிமாணப் படத்தின் பயன் இதில் நன்றாகவே தெரிகிறது. ஆழ்கடல் தேடலில் இது நல்ல பெறுபேறு என்றே சொல்ல வேண்டும். ஆனால் மிகச் சிறந்த படமும் கணினியும் நிபுணர்களும் இருந்தும், நான்கில் இரண்டு பிழைத்தது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

வாயுவிலிருந்து வருமானம் வரை

வாயு கிடைத்துவிட்டதே, இனிப் பணம் வரவேண்டியதுதானே என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கும் கடைமொழியில்தான் பதில் சொன்னேன். சரக்கு இருப்பது ஒன்று, விலைக்குப் போவது வேறொன்று.

ஒரு கிணற்றில் வாயு கண்டால், அது எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்பதை அறிய மேலும் கிணறுகளும் சோதனைகளும் தேவை. 1,300 மீற்றருக்கும் ஆழமான கடலடியில் உபகரணங்களைப் பொருத்தி, கரைவரை குழாய் போட வேண்டும். கரையில் அந்த வாயுவை நீண்ட காலத்துக்கு ஒரே விலையில் வாங்கச் சம்மதிக்கும் வாடிக்கையாளர் வேண்டும். பெரும்பாலும் அது மின்நிலையமாக இருக்கும். எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எங்கும் விற்கலாம். வாயுவைப் பெரும்பாலும் குழாயின் மறுமுனையில் இருப்பவருக்குத்தான் விற்கலாம். இவை எல்லாம் சேர்ந்து ஒரு கணக்காக வந்தால்தான் முதலாளி பணத்தை இறக்குவார்.

2014இன் நடுப்பகுதியில் பீப்பாய் 100 டொலருக்கு மேலிருந்த மசகு எண்ணெய் விலை 2015 தொடக்கத்தில் 50 டொலருக்குக் கீழே விழுந்தது. அதே 2015இல் கெய்ன் கம்பனி அந்தக் கடற்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சென்றது. வாயு கண்டு ஒரு தசாப்தத்துக்கு மேலாகியும் அது இன்னும் கடலடியிலேயே இருக்கிறது. அது இல்லாமற் போய்விடவில்லை. காலம் கூடினால் ஒரு நாள் வரவும் கூடும். ஆனால் அந்த நாளை நம்பி வட்டிக்குக் காசு எடுத்தவருக்கு, காத்திருந்த ஒவ்வொரு வருடமும் செலவுதான்.

காணி விடயத்தில் ஒரு சட்ட உண்மையும் உண்டு. நமது நாட்டில் நிலத்துக்கும் கடலுக்கும் அடியிலுள்ள பெற்றோலிய வளம் அரசுக்குரியது. 2003ஆம் ஆண்டின் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டின் சட்டமும் இதையே சொல்கின்றன. ஆகவே நமது இரண்டு ஏக்கரின் நேர் கீழே எண்ணெய் இருந்தாலும் அது நமதல்ல. இங்கோ வாயு கரைக்கு வெகுதூரத்தில் ஆழ்கடலின் கீழ் இருக்கிறது.

ஐந்து கேள்விகள்

இனி யாராவது நிறப்படத்தோடு வந்தால் கேட்க வேண்டியவை என்று மருமகனுக்கு எழுதிக் கொடுத்தவை இவை.

முதலாவது, நிறம் எதைக் குறிக்கிறது? ஆழமா, வினாடியா, எதிரொலியின் பலமா? அளவுகோலைக் காட்டாத படத்தை மடித்துக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, படம் எந்த ஆண்டுக்குரியது, இருபரிமாணமா, முப்பரிமாணமா? பழைய கோட்டுப் படத்துக்கும் புதிய படத்துக்கும் உள்ள தூரம் பெரிது.

மூன்றாவது, கிணறு தோண்டினார்களா? தோண்டினால் என்ன கண்டார்கள், பரப்பை அளக்க மேலும் கிணறுகள் தோண்டினார்களா?

நான்காவது, வாங்குபவர் யார், எந்த வழியால் கரைக்கு வரும்? விற்பனை உடன்படிக்கை கைச்சாத்தாகும்வரை கண்டுபிடிப்பு என்பது செய்தி மாத்திரமே.

ஐந்தாவது, பத்து வருடங்களுக்கு எதுவுமே நடக்காவிட்டால் இந்த முதலீட்டை என்னால் தாங்க முடியுமா? தாங்க முடியாதென்றால், மற்ற நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தாலும் ஒதுங்கிவிடுங்கள்.

இதனால் எண்ணெய்த் தேடலில் சிறு வியாபாரிக்கு எந்த வாய்ப்பும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் முகாமுக்கு மரக்கறியும் தண்ணீரும் டயரும் கொடுத்தவர்கள் சாதாரண வியாபாரிகள்தான். நன்றாக உழைத்தார்கள். ஆனால் அவர்கள் எண்ணெய் வரும் என்று நம்பி உழைக்கவில்லை. தேடுபவருக்குச் சாப்பாடு வேண்டும் என்று தெரிந்து உழைத்தார்கள். கிணறு வெறுமையானாலும் அவர்களுடைய பில்லுக்குக் காசு வந்தது. அதுவும் இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் வந்தது. அத்தனை நாள் கடன் தாங்கக் கூடியவரே நிலைத்தார். தோண்டும் கப்பல் வந்தாலும் சில மாதங்களில் போய்விடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முற்பணம்

பத்தாம் நாள் மருமகன் மீண்டும் வந்தார். கேள்விகளைத் தரகரிடம் கேட்டிருக்கிறார். முதலாவது கேள்விக்கே அவர் வேறு பேச்சை எடுத்தாராம்.

"காணி வேணாம் மாமா, அது விளங்கிட்டுது. ஆனா குடுத்த அஞ்சு இலட்சம்? மிச்சத்தையும் குடுத்துக் காணிய எடுத்தா அதையாவது காப்பாத்தலாம்தானே?" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஐந்து இலட்சம் அவருக்குச் சிறிய தொகையல்ல.

கிணறு வெறுமையென்று தெரிந்ததும் கம்பனிகள் என்ன செய்கின்றன என்பதை அவருக்குச் சொன்னேன். பல மில்லியன் டொலர் போன குழிக்குள் சீமெந்தை ஊற்றி அடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறார்கள். இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்று இன்னும் ஆயிரம் மீற்றர் தோண்டுவதில்லை. செலவான காசைப் பார்த்து முடிவெடுப்பவர் அந்தத் தொழிலில் நீடிக்க மாட்டார். இனிச் செலவாகப் போகும் காசைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.

தரகரோடும் காணிக்காரரோடும் பேசி இரண்டு இலட்சத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். மூன்று இலட்சம் போய்விட்டது. நேற்றுக் காலை அவருடைய லொறி சீமெந்து ஏற்றிக்கொண்டு எனது கடையைக் கடந்து போனது. மருமகன் ஹோர்ன் அடித்துக் கையசைத்துவிட்டுப் போனார்.